பின்னால் வரும் ஜீப்

அமெரிக்காவில் பெரிய மோட்டார் ஹோமில் ஊர் சுற்றுபவர்களுக்குக் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. பால் வாங்கப் போவதுதான் பாடு. 35 அடி வண்டியைக் கடை வாசலில் எங்கே நிறுத்துவது? மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவின் 'கோயிங் டு த சன்' மலைச்சாலை இருக்கிறதே, அதன் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியே இல்லை. அதனால் நாங்கள் ஒரு ஜீப் ராங்ளரைப் பின்னால் பூட்டி இழுத்துப் போகிறோம். டிரெய்லர் கிடையாது, வண்டிக்குப் பின்னால் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி, தன் நான்கு சக்கரங்களிலேயே உருண்டு வரும்.

"சும்மா உருண்டு வந்தா என்ன கெட்டுப்போகும் மாமா?" என்று கேட்டான் என் மைத்துனன். கியர்பாக்ஸ் கெட்டுப்போகும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை அணைத்துவிட்டு இழுத்தால், சக்கரத்தின் சுழற்சி உள்ளே போய், எண்ணெய் கிடைக்காத பாகங்கள் உரசிச் சூடேறித் தீய்ந்துபோகும்.

ராங்ளரில் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கென்று தனி லீவர். அதில் ஒரு நியூட்ரல். அங்கே தள்ளினால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் போகும் தண்டுகள் கியர்பாக்ஸோடு உறவை முறித்துக்கொள்ளும். அதன் பிறகு கியரைப் 'பார்க்'கில் வைத்தே இழுக்கலாம். ஒரு ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது 'பார்க்' வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சரிவில் ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கினால் ஜீப் தன்பாட்டுக்குக் கிளம்பிவிடும். பூட்டி முடிக்கும்வரை ஹேண்ட் பிரேக், புறப்படும்போது மறக்காமல் விடுவிப்பு. நியூட்ரல் சரியாக விழுந்ததா என்று பார்க்க, எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸிலும் டிரைவிலும் போட்டுப் பார்ப்பேன். வண்டி அசையக் கூடாது.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டியெல்லாம் இப்படி இழுக்கத் தோதானது என்று நினைப்பவர்கள் நிறைய. தவறு. 'ஆல் வீல் டிரைவ்' வண்டிகள் பலவற்றில் இந்த நியூட்ரலே கிடையாது. முன்சக்கரங்களை மட்டும் டாலி என்ற சிறு இழுவண்டியில் ஏற்றி இழுப்பதும் அவற்றுக்கு ஆகாது. பின்சக்கரங்கள் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்? ஒரே மாடலிலும் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2014 ஹோண்டா சிஆர்-வி-யை, கம்பெனி சொன்ன முறைப்படி இழுக்கலாம். சிவிடி கியர்பாக்ஸ் வந்த 2015 மாடலை இழுக்கக் கூடாது.

மற்றதெல்லாம் இரும்பு வேலை. ஜீப்பின் முன்பக்கச் சட்டத்தில் பேஸ் பிளேட், அதை மோட்டார் ஹோமோடு இணைக்கும் டோ பார், அது முறிந்தால் தாங்க இரண்டு பாதுகாப்புக் கம்பிவடங்கள். ஸ்டியரிங் பூட்டு திறந்திருக்க வேண்டும். ஜீப்பின் எடை சுமார் 1,800 கிலோ. மோட்டார் ஹோமின் பிரேக்கை மட்டும் நம்பி அதை மலையிறக்க முடியாது. ஜீப்பின் பிரேக்கையும் கூடவே அழுத்தும் தனிக் கருவி வேண்டும். பின்விளக்குகள் மோட்டார் ஹோமின் விளக்குகளோடு சேர்ந்து எரிய வேண்டும். என் மனைவி பின்னால் நின்று, "என்னங்க, வலது இண்டிகேட்டர் எரியல" என்று சொன்னால் அது எரியும்வரை பயணம் கிடையாது.

பூட்டியபடி ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. முன்சக்கரங்கள் சட்டென்று ஒரு பக்கம் முழுதாகத் திரும்பிக்கொள்ளும். டோ பார் வளையும். அதனால் பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துவிடுவேன். மாட்டிக்கொண்டால், இறங்கிக் கழற்றுவதுதான் ஒரே வழி.

இப்படி ஒரு வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விற்பவர் 'தாராளமா இழுக்கலாம்' என்பார். நம்பாதீர்கள். அந்த வருஷத்து மாடலின் கையேட்டைக் கேட்டு வாங்கி, இழுத்துச் செல்வது பற்றிய பக்கத்தை நீங்களே படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.