நடவு ஆள் தட்டுப்பாடு: நாள் கணக்கு போட்டால் சமாளிக்கலாம்

விதைக்கு இத்தனை கிலோ, யூரியாவுக்கு இத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டுச் சாகுபடியில் இறங்கும் விவசாயிகள், ஆட்களுக்கு மட்டும் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நாற்று தயாரான பிறகே ஆள் தேடுகிறார்கள். அந்தச் சமயத்தில் ஊரே ஆள் தேடுகிறது. ஆள் கிடைப்பதற்குள் நாற்று முற்றிவிடுகிறது. முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும்; தூர் குறைந்தால் மகசூலும் குறையும்.

உண்மையில் ஆட்கள் குறைந்துவிட்டார்களா?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 86 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் இது சுமார் 96 லட்சமாக உயர்ந்தது. இதே பத்து ஆண்டுகளில் சாகுபடியாளர்கள்தான் சுமார் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தார்கள். ஆகவே, ஆளே இல்லை என்பது முழு உண்மை அல்ல. ஆனால் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வேலை தரும் வயலை நம்பித் தொழிலாளர்கள் இனிக் காத்திருக்க மாட்டார்கள். கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் போகிறார்கள். தொடர்ந்து வேலை கிடைக்கும் இடத்துக்குப் போவது நியாயமே.

தட்டுப்பாடு ஆண்டு முழுவதும் இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காவிரி டெல்டாவையே எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணை திறந்ததும் குறுவை நடவு எங்கும் ஒன்றாக வருகிறது. பிறகு புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையும் தாளடி நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இந்தச் சில வாரங்களில்தான் ஆள் கிடைப்பதில்லை. இந்த நெருக்கத்தைத் தளர்த்துவதே நாம் செய்ய வேண்டிய வேலை.

ஆள் கணக்கு எழுதுங்கள்

பருவம் தொடங்குமுன் ஒரு நோட்டில் வாரவாரியாக என்ன வேலை, எத்தனை ஆள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் அளவு மாறும். உதாரணமாக, நாற்றுப் பறிக்கவும் நடவும் ஏக்கருக்கு 15 ஆள் என்று வைத்துக்கொள்வோம். 3 ஏக்கருக்கு 45 ஆள். ஒரே நாற்றங்காலாக விட்டு மூன்று நாளில் முடிக்க நினைத்தால் தினம் 15 பேர் வேண்டும். நாற்றங்காலை ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணையாக விட்டால், தினம் 8 பேரைக் கொண்டு தவணைக்கு மூன்று நாள் வீதம் ஆறு நாளில் முடிக்கலாம். நாற்றும் முற்றாது. குறுகிய காலப் பயிருக்கு 18 முதல் 22 நாள், மத்திய காலப் பயிருக்கு 25 முதல் 30 நாள், நீண்ட காலப் பயிருக்கு 35 முதல் 40 நாள் நாற்றே ஏற்றது.

பக்கத்து வயல்காரருடன் சேருங்கள்

2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 எக்டர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு நிலத்துக்குத் தனியாக ஆள் பேசினால் இரண்டு நாள் வேலைதான் தர முடியும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து 15 ஏக்கருக்கு ஒன்றாகப் பேசினால், 15 பேர் கொண்ட குழுவுக்கு 15 நாள் தொடர்ந்து நடவு வேலை இருக்கும். நடவு முடியும்போது முதலில் நட்ட வயலில் முதல் களை எடுக்கும் பருவம் வந்துவிடும். களைக்கு ஏக்கருக்கு 10 ஆள் என்றால் அதே குழுவுக்கு மேலும் 10 நாள் வேலை. இப்படி 25 நாள் வேலைக்கு உறுதி சொன்னால் குழு வேறு ஊருக்குப் போகாது. யார் வயல் முன், யார் வயல் பின் என்பதை நாற்று விடுமுன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். அதற்கேற்ப நாற்றங்காலையும் சில நாள் இடைவெளி விட்டுத் தயாரியுங்கள்.

கூலியும் மரியாதையும்

கூலியை இழுத்தடிக்காமல் அன்றன்றே கொடுங்கள். குடிநீர், ஒதுங்க நிழல் ஆகியவை அதிகச் செலவில்லாதவை. அடுத்த பருவமும் ஆட்களை வரவழைப்பவை. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசினால் வேலை விரைவாக முடியும். ஆனால் நடவு கலக்கமாகிவிடக்கூடும். வளமான நிலத்தில் குறுகிய காலப் பயிருக்கு 20-க்கு 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 50 குத்து இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, நடும்போதே எண்ணிப் பாருங்கள்.

இயந்திரம் எங்கே உதவும்?

எல்லா வேலைக்கும் இயந்திரம் தேவையில்லை. உங்கள் நோட்டில் எந்த வாரம் ஆள் போதாதோ அந்த வேலைக்கு மட்டும் இயந்திரத்தை அமர்த்துங்கள்.

நடவு இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்காலில் வளர்த்த 15 முதல் 18 நாள் நாற்று வேண்டும். நடந்தபடி இயக்கும் இயந்திரம் ஒரு நாளில் 2 முதல் 3 ஏக்கர் நடும். வயல் சமமாக இல்லாவிட்டால் நடவு சீராக அமையாது. கயிறு பிடித்து வரிசையாக நட்ட வயலில் உருளும் களைக்கருவியை ஓட்டலாம். கை களைக்குத் தேவையான ஆட்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே போதும். அறுவடை இயந்திரத்தை இறக்க வேண்டுமானால் 7 முதல் 10 நாள் முன்பே வயலில் தண்ணீரை வடித்துவிடுங்கள். சிறு வயல்களில் இயந்திரம் திரும்புவதிலேயே நேரம் போகும், வாடகை ஏறும். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நட்டிருந்தால் அறுவடையைச் சேர்ந்து முடிக்கலாம். இயந்திரங்களை வேளாண்மைப் பொறியியல் துறையிடம் வாடகைக்குப் பெறலாம்.

பெண்களுக்கும் பங்கு வேண்டும்

நடவு இயந்திரம் வந்தால் முதலில் வேலை இழப்பவர்கள் நடவுப் பெண்கள். இன்று அவர்களை விட்டுவிட்டால், களைக்கும் மற்றப் பயிர்களின் அறுவடைக்கும் நாளை யாரும் வரமாட்டார்கள். பாய் நாற்றங்கால் தயாரிப்பது கவனமும் கைப்பழக்கமும் வேண்டிய வேலை. இதைப் பெண்கள் குழுவிடமே ஒப்படைத்து, நாற்றை அவர்களிடம் விலைக்கு வாங்கலாம். இயந்திரம் ஓட்டவும் பழுது பார்க்கவும் ஊர் இளைஞர்களுடன் பெண்களையும் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயிற்சி விவரங்களை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். வயல் வேலை தெரிந்தவர் இயந்திரம் ஓட்டினால் வயலின் குறையும் அவர் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே விவசாயிகள் அடுத்த பருவத்துக்கு விதை வாங்குமுன், பக்கத்து வயல்காரர்களுடனும் நடவுக் குழுவினருடனும் ஒரு நாள் மாலை உட்கார்ந்து ஆள் கணக்கை எழுதி முடித்துவிட வேண்டும். விதைப்புத் தேதியை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்தால், நாற்று முற்றுவதையும் கடைசி நேரத்தில் கூலி ஏறுவதையும் பெருமளவு தவிர்க்கலாம்.