பில்லில் வரிசை எண் இருக்கிறதா?

மதுரை விளாங்குடியில் ஒருவர் பகலில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கவும் இரவில் கேம் ஆடவும் எழுபதாயிரம் ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். கடைசியில் கைக்கு வரும் பில்லில் ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1’ என்று ஒரே வரி. 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று சிலர் துண்டுச் சீட்டோடு திரும்பிவிடுகிறார்கள்.

அசெம்பிள் கம்ப்யூட்டருக்கு மொத்தமாக ஒரு வாரண்டி கிடையாது. எத்தனை பாகங்களோ அத்தனை வாரண்டி. எல்லாமே வரிசை எண்ணை வைத்துத்தான். ஆகவே ஒவ்வொரு பாகத்தின் மாடலும் வரிசை எண்ணும் பில்லில் தனித்தனி வரியாக வர வேண்டும்.

இன்டெல் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறி, நாளடைவில் தேய்ந்து, கேம் நடுவே நின்றுபோயின. 2024 ஆகஸ்டில் பயோஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் வந்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை அது மீட்காது. அதனால் பாதிக்கப்பட்ட ரகங்களுக்கு 3 ஆண்டு வாரண்டியை நிறுவனம் 5 ஆண்டாக்கியது. பெட்டியோடு வாங்கியவர்கள் நிறுவனத்திடமே மாற்றிக் கேட்க முடிந்தது. பெட்டியில்லாமல் வரும் ‘டிரே பீஸ்’ வாங்கியவர்களை விற்ற இடத்துக்கே போகச் சொன்னது. விலை குறைவு என்று டிரே பீஸை நீட்டும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

பளபளக்கும் கேபினட்டுக்குள் பழைய சரக்கு இருப்பதும் உண்டு. மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசரைப் போட்டு ‘கேமிங் பிசி’ என்று விற்கிறார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் அதிகாரப்பூர்வமாக ஏறாது. வேலைக்கு வாங்குபவருக்கு அது வீண் செலவு.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே.

வழக்கு என்று வந்தால், “தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே இதைத் தெளிவுபடுத்தியது: பிழைப்புக்காகத் தட்டச்சுப் பொறி வாங்கித் தானே தட்டச்சு செய்பவர் நுகர்வோர்தான். தன் கையாலேயே ஆல்பம் வடிவமைத்துப் பிழைப்பவருக்கும் இந்த வாதம் கைகொடுக்கும்.

பழுது வந்தால், முதலில் கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் எழுத்தில் புகார். வாட்ஸ்அப் பதில்களை அழிக்கக் கூடாது. அடுத்து 1915 என்ற தேசிய உதவி எண். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் வெளியூர் விற்பனையாளரிடம் வாங்கியிருந்தாலும் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு நடந்துகொண்டே இருந்தால் அந்தக் காலமும் ஓடிவிடும்.