பரவைக் கடலும் குருநகரும்

யாழ்ப்பாணப் பட்டினத்தைக் காண வருவோர் நல்லூர்க் கோயிலைக் காண்பர். பொது நூலகத்தைக் காண்பர். கோட்டை மதிலின்மேல் நின்று ஞாயிறு மேற்கே சாய்வதையும் கண்டு மகிழ்வர். அம்மதிலினின்று இறங்கிக் கடற்கரையோரமாகக் கிழக்கே அரைமணி நேரம் நடந்தால் குருநகர் வந்துவிடும். அவ்வளவு தூரம் நடப்போர் மிகச் சிலர். மத்தியானத்தில் உண்ட மீன் எந்தக் கரையில் இறங்கியது என்று பட்டினத்தார் கேட்பதும் அரிது. ஆதலால், நேயர்களே, இன்று உங்களை அந்தக் கரைக்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

முன்னாளில் இதற்குக் கரையூர் என்று பெயர். கரையிலே உள்ள ஊர் என்பதற்குமேல் அப்பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. துறைமுகத்தை அடுத்த ஊர் என்று கேட்டவுடன் பெருங் கப்பல்களும் பாரந்தூக்கிகளும் பண்டசாலைகளும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. குருநகரில் அவற்றைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். கரையில் நின்று பார்த்தால் தென்மேற்கே மண்டைதீவு தாழ்ந்து கிடக்கும். தெற்கே நீருக்கு அப்பால் பூநகரிக் கரை மங்கலாகத் தெரியும். இடையிலே கிடப்பது ஆழ்கடலன்று. நூல்கள் இதனை யாழ்ப்பாணக் கடல்நீரேரி என்கின்றன. ஊரார் பரவைக் கடல் என்கின்றனர். ஊரார் இட்ட பெயரே பொருத்தமானது. பரந்து கிடக்கிறதேயன்றி ஆழ்ந்து கிடக்கவில்லை. கரையிலிருந்து நெடுந்தூரம் சென்றவனும் இடுப்பளவு நீரில் நின்று வலையைச் சரிசெய்வதை இங்கே காணலாம்.

இந்த ஆழமின்மையே ஊரின் வரலாற்றை வகுத்தது. 1619-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658-இல் அவர்களை வென்று கோட்டையை ஐங்கோண வடிவில் திருத்தியெடுத்த ஒல்லாந்தரும் இக்கரையிலேயே தம் ஆட்சியை அமைத்தனர். ஆயினும் பெருங் கலங்களை மதிலடிக்குக் கொண்டுவர அவர்களாலும் இயலவில்லை. கப்பல்கள் மேற்கே ஊர்காவற்றுறையில் நின்றன. யானைகள் ஏற்றப்பட்டதும் அத்துறையிலேதான். யானைத்துறை என்று பொருள்படப் போர்த்துக்கேயர் அதற்கு இட்ட பெயரே ஆங்கிலத்தில் கயிற்ஸ் எனத் திரிந்து நிற்கிறது. பட்டினக் கரைக்கு வந்தவை தோணிகளும் வள்ளங்களுமே. 1905-ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை தென்னிலங்கையோடு இணைந்ததும், தோணியில் வந்த சரக்கிற் பெரும்பகுதி தண்டவாளத்துக்கு மாறியது. பட்டினம் கடலுக்கு முதுகைக் காட்டித் தரையை நோக்கித் திரும்பிக்கொண்டது. கரையூருக்கோ திரும்புவதற்கு வேறு திசை இல்லை.

ஊருக்குள் நுழைவோமானால் யாழ்ப்பாணத்தின் பிற பகுதிகளிலிருந்து இது எத்துணை வேறுபட்டது என்பது உடனே விளங்கும். வலிகாமத்து வீடு என்றால் வளவு, வேலி, கிணறு, பனை, மா, பலா எல்லாம் சேர்ந்ததே வீடு. இங்கே வளவு இல்லை. சுவரோடு சுவராக வீடுகள். இடையே ஒருவர் வலைச்சுமையோடு வந்தால் மற்றவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒழுங்கைகள். கரைக்கு அண்மையில் உயர்ந்து நிற்கும் தொடர்மாடி வீடுகள் வேறு. மாடியில் குடியிருப்பது யாழ்ப்பாணத்தாருக்குப் பழக்கமில்லாத காரியம். கடலோரத்து இரு பிரிவுகளுக்கு அரசாங்கப் பதிவுகளில் றெக்கிளமேசன் கிழக்கு, றெக்கிளமேசன் மேற்கு என்று பெயர். கடலைத் தூர்த்து மீட்ட நிலம் என்பதற்கான ஆங்கிலச் சொல் அப்படியே ஊர்ப்பெயராகிவிட்டது! நன்னீர்க் கிணறு இங்கே அருமை. தோண்டினால் ஊறுவது பெரும்பாலும் உவர்நீர். குடத்தோடு குழாயடியில் காத்து நிற்பது இக்கரைப் பெண்களின் நெடுநாளைய அன்றாட வேலை.

இனி, தொழிலைச் சொல்ல வேண்டும். பரவைக் கடலில் மீன் பிடிப்பதற்கு வலிமையைவிட அறிவே மிகுதியாக வேண்டும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைப்பது வெறும் சொல்லழகுக்காகவன்று. வாடை வீசும் மாரியில் மழைவெள்ளம் கலந்து நீரின் உவர்ப்புத் தணிகிறது. இறாற் குஞ்சு வளர்வதற்கு அது ஏற்ற நீர். சோளகம் வீசும் கோடையில் நீர் வற்றி உவர்ப்பு ஏறுகிறது. மீனும் தன் இடத்தை மாற்றிக்கொள்கிறது. எந்தக் காற்றில் எந்த மீன் எந்தத் திசையில் ஓடும் என்பது ஏட்டில் எழுதாத பாடம். தகப்பனின் பின்னால் நீரில் நடந்தே மகன் அதனைக் கற்கிறான்.

இந்த அறிவுக்குச் சிறந்த சான்று களங்கட்டி வலை. நீருக்குள் தடிகளை வரிசையாக நட்டு, அவற்றில் வலையை மதில்போலக் கட்டுகின்றனர். நீரோட்டத்தோடு வரும் மீன் அம்மதிலில் முட்டி, ஆழத்தை நாடி அதன் ஓரமாகவே நீந்தி, வளைந்து குறுகும் வாயிலினூடே உள்ளறைக்குள் நுழைந்துவிடும். உள்ளே செல்லும் வழி அகன்றது. வெளியேறும் வழியோ அதன் கண்ணுக்குப் புலப்படாது. இரவு முழுவதும் வலை தானே காவல் நிற்கும். விடியுமுன் வள்ளத்தைக் கோலால் ஊன்றிச் சென்று, அறையில் நிற்பதை அள்ளி வரவேண்டியதே வேலை. மீனைத் துரத்துவதில்லை, அதன் வழியை அறிந்து காத்திருக்கின்றனர். ஒருவன் களங்கட்டிய இடத்துக்குக் குறுக்கே மற்றொருவன் கட்டுவதில்லை. வழக்கமும் தொழிலாளர் சங்கத்தின் ஒழுங்கும் நீருக்குள்ளும் வேலி போட்டிருக்கின்றன. தரையிலே ஒரு முழ வேலிக்காக நீதிமன்றம் ஏறும் நம்மவர் இதனைச் சற்று உற்று நோக்கலாம்.

வலை செய்யும் பொருளும் காலத்தோடு மாறிற்று. பருத்தி நூல் வலையை மரப்பட்டை அவித்த சாயத்தில் தோய்த்து உலர்த்திய காலம் போய் நைலோன் வந்தது. வலை பின்னும் தொழிற்சாலை ஒன்றே குருநகரில் அமைந்தது. போரினால் முடங்கிப் பின்னர் மீண்டும் இயங்கலாயிற்று.

விடியற்காலையில் கரைக்குச் சென்றால் திரளி, ஒட்டி, மணலை, கணவாய், நீலக்கால் நண்டு என்று கூடை கூடையாக இறங்குவதையும், ஏலம் கூறுவோர் மூச்சு விடாமல் தொகையை ஏற்றுவதையும் காணலாம். நல்ல நண்டு ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. எஞ்சிய சிறு நண்டும் இறாலும் மீனும் ஒடியல் மாவோடும் பயிற்றங்காயோடும் பலாக்கொட்டையோடும் சேர்ந்து கூழாகின்றன. பனையோலைப் பிளாவில் அக்கூழை ஊற்றிச் சுடச்சுடக் குடித்தவர், ஏற்றுமதியான நண்டுக்காக வருந்தமாட்டார்.

ஊரின் நடுவே புனித யாகப்பர் ஆலயம் நிற்கிறது. யாகப்பர் கலிலேயாவில் வலை இழுத்தவர். அவருடைய கடலும் உண்மையில் ஓர் ஏரியே. குருநகரார் அவரைத் தேர்ந்தது தற்செயலோ அன்றோ, பொருத்தம் பெரிது. ஆண்டுதோறும் யூலை 25 அவருடைய திருநாள். எஸ்தாக்கியார் முதலிய புனிதர் கதைகளை அண்ணாவியார் பயிற்றுவிக்க, பகலில் வலை இழுத்தவர்கள் இரவில் அரசரும் மந்திரியுமாக ஆடிய கூத்து மரபும் இக்கரையூர்களுக்கு உரியது.

போர்க்காலத்தில் இவ்வூர் பட்டதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 1986-ஆம் ஆண்டு யூன் 10-ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் தொழில் செய்துகொண்டிருந்த குருநகர் மீனவர் 30 பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் அது. 1993-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் யாகப்பர் ஆலயத்தின்மீது வானிலிருந்து குண்டு விழுந்தது, உயிர்கள் மாண்டன. 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் பட்டினம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது ஊரும் வெறிச்சோடிற்று. மீண்டு வந்தவர்களுக்குக் கடல் இருந்தது. கடலுக்குப் போகும் உரிமை இல்லை. குறித்த நேரத்தில், குறித்த எல்லைக்குள், அனுமதிச் சீட்டோடு மட்டுமே வலை வீசலாம் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து நேரம் குறித்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க நேர்ந்தது. ஆலயம் திருத்தி எழுப்பப்பட்டுவிட்டது. தகப்பனை இழந்த பிள்ளைகள் தாமே வள்ளம் ஓட்டக் கற்றனர்.

போர் 2009-இல் முடிந்தபின் வேறொரு வழக்கு எழுந்தது. பரவைக் கடல் ஆழமற்றது என்றேன் அல்லவா? ஆழமற்றதனாலேயே வெயிலொளி அடித்தரைவரை செல்கிறது. ஒளி படும் இடத்தில் சாதாழை என்னும் கடற்புல் செழிக்கிறது. அப்புல்லுக்குள்ளேதான் நண்டும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. களப்பிற்கு வெளியே பாக்கு நீரிணையின் பெரும்பகுதிக்கும் இவ்வியல்பு உண்டு. அங்கே அடித்தரையைத் தேய்த்து இழுக்கும் மடி ஒருமுறை சென்றால், பிடிபட வேண்டிய மீனோடு புல்லும் குஞ்சும் சேர்ந்தே அள்ளப்படுகின்றன. தமிழகத்து இழுவைப் படகுகளைப் பற்றி நம்மவர் முறையிடுவது நியாயமே. ஆனால் குருநகரிலும் இழுவைப் படகுகள் நின்றன என்பதை மறைக்கலாகாது. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டார் நண்டு வலை போடுபவர். அடுத்த வீட்டார் இழுவைப் படகிற் கூலிக்குப் போகிறவர். 2017-ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவைத் தொழிலைத் தடைசெய்தது. நண்டு வலைக்காரர் அதனை வரவேற்றனர். கடன் பட்டுப் படகு வாங்கியவர் கடனை எவ்வாறு அடைப்பது என்று கேட்டார். அவ்விருவரும் ஞாயிறு தோறும் ஒரே ஆலயத்தில் முழந்தாளிடுகின்றனர். சட்டம் சரியானதே என்பது என் துணிபு. ஆனால் அக்கடன்காரனின் கேள்வியை எழுப்பியவுடன் அவனைக் குற்றவாளி ஆக்கிவிடுவது எளிய வழி, நேரிய வழியன்று.

ஊரைக் காண விரும்புவோர் கடற்கரை வீதியாற் கிழக்கே தொடர்ந்து நடக்கலாம். அடுத்து வருவது பாசையூர். அங்கே அந்தோனியார் திருநாளாகிய யூன் 13-ஆம் நாளில் நிற்பதற்கும் இடமிராது. அதற்கும் அப்பால் கொழும்புத்துறை. 1964-இல் மறைந்த யோகர் சுவாமிகள் நெடுங்காலம் குடிலமைத்து வாழ்ந்த இடம் அது. திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்குமாயின், கரையில் சற்று நில்லுங்கள். பட்டினத்து விளக்குகள் உங்களுக்குப் பின்னால் எரியும். முன்னால், இருண்ட நீரின்மேல், ஒன்று இரண்டு என்று சிறு வெளிச்சங்கள் நகரத் தொடங்கும். அவை வள்ளங்களல்ல, விளக்கைக் கையில் ஏந்தி, நீருக்குள் நடந்தே தொழிலுக்குப் போகிறவர்கள்.