ஆஸ்திரேலியாவில் திட்டமிட்ட எரிப்பு

திட்டமிட்ட எரிப்பு என்பது, காட்டுத்தீப் பருவத்திற்கு வெளியே, மிதமான வானிலை நிலவும் நாளில், காட்டின் வரையறுத்த ஒரு பகுதிக்குத் தீ வைத்து, அங்கே சேர்ந்துள்ள சருகு, சுள்ளி, மரப்பட்டை, புதர் ஆகியவற்றைக் குறைக்கும் முறையாகும். பின்னர் அப்பகுதிக்குள் காட்டுத்தீ நுழைந்தாலும், எரிவதற்கு அதிகம் இல்லாததால் அதன் வேகமும் வெப்பமும் குறைந்திருக்கும் என்பதே இதன் அடிப்படை. பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தீயைக் கையாண்டுவந்த ஆஸ்திரேலியாவில் இம்முறை விரிவாகப் பயன்படுகிறது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியா மாநிலத்தில் 173 பேரின் உயிரைப் பறித்த காட்டுத்தீக்குப் பின், இதன் பயன் என்ன, எல்லை எது என்ற கேள்விகள் அங்கே ஆழமாக ஆராயப்பட்டன.

காட்டுத்தீ பரவும் விதம்

எந்தத் தீக்கும் எரிபொருள், உயிர்வாயு, வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும். காட்டில் மூண்ட தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதை எரிபொருள், வானிலை, நில அமைப்பு ஆகிய வேறு மூன்று தீர்மானிக்கின்றன. வானிலையையும் நில அமைப்பையும் மனிதரால் மாற்ற இயலாது. மாற்றக்கூடியது எரிபொருள் ஒன்றே.

காட்டுத்தீயைப் பொறுத்தவரை எரிபொருள் என்பது பெரிய அடிமரங்களைக் குறிப்பதில்லை. விரல் பருமனுக்கும் குறைவான சுள்ளி, காய்ந்த இலை, புல், தொங்கும் பட்டை ஆகியவையே தீயின் முன்முனையை நகர்த்துகின்றன. யூக்கலிப்டசு மரங்கள் ஆண்டு முழுவதும் இலையையும் பட்டையையும் உதிர்க்கின்றன. அந்த இலைகளில் எளிதில் தீப்பற்றும் எண்ணெய் உண்டு. நார்ப்பட்டை கொண்ட சில இனங்களில் தீ அடிமரத்தின் வழியே உச்சிவரை ஏறுகிறது. எரியும் பட்டைத் துண்டுகளைக் காற்று தூக்கிச்சென்று தொலைவில் போடுகிறது. இக்கங்குகள் விழும் இடங்களில் புதிய தீ மூள்கிறது. கடுமையான நாட்களில் கங்குகள் பல கிலோமீட்டர் தாண்டிச் செல்வதால் சாலையோ ஆறோ தீயைத் தடுப்பதில்லை.

தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். சுடர் மேற்பக்கச் சருகுகளை முன்னதாகவே சூடாக்கி உலர்த்திவிடுவதே காரணம். சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்போர் பயன்படுத்தும் கணக்கு. அதன்படி 20 பாகைச் சரிவில் ஏறும் தீ, சமதளத்தில் பரவும் தீயைப்போல் நான்கு மடங்கு விரைந்து செல்லும்.

தீயின் செறிவு

ஒரு தீயை அணைக்க முடியுமா என்பதை அதன் செறிவைக்கொண்டு மதிப்பிடலாம். அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் பைரம் 1959 இல் வெளியிட்ட வாய்பாடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

தீச்செறிவு = எரிபொருளின் வெப்ப அளவு × எரியும் எரிபொருளின் எடை × தீ பரவும் வேகம்

ஒரு கிலோ சருகு எரிந்தால் ஏறத்தாழ 18,000 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். ஒரு சதுர மீட்டரில் 1 கிலோ சருகு உள்ள இடத்தில் தீ நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கொள்வோம். தீ முனையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் வெளிப்படும் ஆற்றல் 18,000 × 1 × 0.01 = 180 கிலோவாட். அதே நிலத்தில் 2 கிலோ எரிபொருள் சேர்ந்து, கடும் காற்றில் தீ நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சென்றால் 18,000 × 2 × 1 = 36,000 கிலோவாட். முன்னதைவிட இது 200 மடங்கு.

திட்டமிட்ட எரிப்புகளில் செறிவு பொதுவாக 500 கிலோவாட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ 4,000 கிலோவாட்டைத் தாண்டினால், வண்டி, இயந்திரம், வானூர்தி எல்லாம் இருந்தும் தீயை நேருக்கு நேர் நின்று அணைப்பது கடினம். மேற்கண்ட கணக்கில் எரிபொருளின் பங்கு இரு மடங்குதான் கூடியது. வேகத்தின் பங்கோ 100 மடங்கு கூடியது. திட்டமிட்ட எரிப்பின் பயனும் எல்லையும் இக்கணக்கிலேயே உள்ளன.

பழங்குடி மக்களின் எரிப்பு முறை

ஐரோப்பியர் வருகைக்கு முன்பே ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் வேட்டைக்காகவும், வழியமைக்கவும், புதுப்புல் தளிர்க்கவும், உணவுத் தாவரங்களைப் பேணவும் சிறு சிறு தீ வைத்துவந்தனர். எந்த நிலத்தை, எந்த மாதத்தில், யார் எரிக்கலாம் என்பதற்கு வழக்காறுகள் இருந்தன. தொல்லியலாளர் ரைஸ் ஜோன்ஸ் 1969 இல் இதனைத் தீக்கோல் வேளாண்மை என்று பெயரிட்டார்.

குடியேற்றத்தால் மக்கள் தம் நிலங்களைவிட்டு அகற்றப்பட்டபோது பல இடங்களில் இவ்வழக்கம் அறுபட்டது. வட ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம்லாந்தில், மக்கள் நீங்கிய பீடபூமியில் உலர்காலத்தின் இறுதியில் மூளும் பெருந்தீக்கள் மிகுந்தன. அங்கு 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பழங்குடி வனக்காவலர்களும் அறிவியலாளர்களும் இணைந்து நடத்தும் எரிப்புத் திட்டத்திற்கு 2006 இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. உலர்காலத் தொடக்கத்தில், புல்லில் ஈரம் மிச்சமிருக்கும்போதே திட்டுத்திட்டாக எரிப்பது இதன் முறை. பிற்காலப் பெருந்தீ குறைவதால் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு வெளியீடும் குறைகிறது. இதற்காகக் காவலர் குழுக்களுக்கு நிதி கிடைக்கிறது.

நவீன முறையின் வளர்ச்சி

1939 சனவரி 13 அன்று உச்சமடைந்த விக்டோரியாக் காட்டுத்தீயில் 71 பேர் இறந்தனர். அந்நாளின் வானிலையை 100 எனக் கொண்டு, தீ அபாயத்தை அளக்கும் குறியீடு ஒன்றை 1960களில் ஆலன் மெக்கார்தர் உருவாக்கினார். வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், வறட்சி ஆகியவை இதில் கணக்கிடப்படுகின்றன.

1961 சனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ட்வெல்லிங்கப் நகரம் காட்டுத்தீயில் அழிந்தது. அதனை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையத்திற்குப் பின், அம்மாநிலத்தின் ஜாரா மரக் காடுகளில் பெரும்பரப்பு எரிப்பு விரிவுபடுத்தப்பட்டது. 1960களின் நடுவில் வானூர்தியிலிருந்து தீக்குண்டுகளைச் சீரான இடைவெளியில் போட்டு எரிக்கும் முறையும் அங்கே உருவானது.

எரிப்பு நடைபெறும் முறை

எரிப்புக்கு முன் பகுதியின் எல்லை குறிக்கப்படும். சாலை, ஓடை, சருககற்றிய தடம் ஆகியவை எல்லைகளாகும். அரிய உயிரினங்கள், தொன்மைச் சின்னங்கள், பொந்துள்ள முதுமரங்கள் எங்குள்ளன என்று பார்க்கப்படும். சருகின் ஈரம் அளக்கப்படும். ஈரம் மிகுந்தால் தீ பற்றாது, குறைந்தால் கைமீறும். காற்றும் அடுத்த சில நாட்களின் வானிலையும் பொருந்த வேண்டும். விக்டோரியாவில் பெரும்பாலான எரிப்புகள் மார்ச் முதல் மே வரையிலான இலையுதிர்காலத்தில் நடைபெறுகின்றன. தீ அடங்கிய பிறகும் புகையும் கட்டைகள் அணையும்வரை கண்காணிப்பு தொடரும்.

கருப்புச் சனிக்கிழமை

2009 பிப்ரவரி 7, நீண்ட வறட்சிக்கும் வெப்ப அலைக்கும் பின் வந்த சனிக்கிழமை. மெல்பர்னில் 46.4 பாகை செல்சியசு பதிவாயிற்று. பல வானிலை நிலையங்களில் மெக்கார்தர் குறியீடு 100ஐத் தாண்டியது. கில்மோர் ஈஸ்ட் பகுதியில் அறுந்த மின்கம்பியால் மூண்ட தீயே மிகுதியான உயிர்களைப் பறித்தது. கங்குகள் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் விழுந்து புதிய தீக்களை மூட்டின.

மாலையில் காற்றின் திசை மாறியது. அதுவரை வடமேற்குக் காற்றால் தென்கிழக்கு நோக்கி நீண்ட பட்டையாக ஓடிய தீயை, தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. பட்டையின் நீண்ட விலா முழுவதும் அகன்ற தீமுனையாயிற்று. கிங்லேக், மேரிஸ்வில், ஸ்ட்ராத்யூவன் முதலிய ஊர்கள் பேரழிவுக்கு உள்ளாயின. 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

இலக்கும் விவாதமும்

அரச விசாரணை ஆணையம் 2010 இல் அளித்த இறுதி அறிக்கையில், பொதுநிலக் காடுகளில் ஆண்டுக்குக் குறைந்தது 5 விழுக்காட்டை எரிக்கும் நீண்டகாலத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. இது ஏறத்தாழ 3.9 லட்சம் ஹெக்டேர். இலக்கைப் பரப்பளவால் அளந்தபோது, எரிக்க எளிதான, ஊர்களுக்கு எட்டாத காடுகளை எரித்தும் எண்ணிக்கையைக் காட்டலாம் என்ற குறை எழுந்தது. உயிருக்கும் உடைமைக்கும் உள்ள ஆபத்து எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் முறைக்கு மாறுவதாக 2015 இல் விக்டோரியா அரசு அறிவித்தது.

இம்முறையின் முக்கிய எல்லைகள் வருமாறு:

- எரித்த சில ஆண்டுகளிலேயே சருகும் புதரும் மீண்டும் சேர்ந்துவிடும்.
- மிகக் கடுமையான வானிலையில், அண்மையில் எரித்த காட்டையும் தீ கடக்கக்கூடும். எனினும் அங்கே அதன் செறிவு குறையலாம். மரங்கள் பிழைக்கவும் வாய்ப்புண்டு.
- ஈரமான மலைச்சாம்பல் யூக்கலிப்டசு காடுகளுக்கு இது பொருந்தாது. கடுந்தீயில் இம்மரங்கள் இறந்து, விதையிலிருந்தே மீண்டும் முளைக்கின்றன. கன்றுகள் விதை தருமுன் மறுபடி எரிந்தால் அக்காடே மறைந்துபோகும்.
- புகை, மூச்சுநோய் உள்ளவர்களைப் பாதிக்கிறது.
- எரிப்பே கைமீறலாம். 2011 நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் அருகே, எல்லை தாண்டிய திட்டமிட்ட தீயில் 30க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

வீடுகளைக் காத்தல்

பெரும்பாலான வீடுகள் சுடர்ச்சுவர் வந்து மோதி எரிவதில்லை. கூரை வடிகாலில் கிடக்கும் சருகிலோ, ஓட்டின் இடுக்கிலோ, வாசல் மிதியடியிலோ கங்கு விழுந்து எரிகின்றன. தீமுனை கடந்து சில மணி நேரம் கழித்துப் பற்றிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. 2009 தீயில் சிக்கிய வீடுகளைப் பற்றி 2012 இல் வெளியான ஆய்வு, வீட்டைச் சுற்றி 40 மீட்டருக்குள் மரங்களையும் புதர்களையும் குறைத்தது கூடுதல் பயன் தந்ததையும், எரிப்பு வீடுகளுக்கு அருகில் நடந்திருந்தால் பயன் மிகுந்ததையும் கண்டறிந்தது.

ஆஸ்திரேலியக் கட்டட விதிகள், வீட்டின்மேல் படக்கூடிய கதிர்வெப்பத்தைக் கொண்டு மனைகளைத் தரம் பிரிக்கின்றன. காற்றுத் துளைகளுக்கு 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்கொண்ட உலோக வலை பொருத்தச் சொல்கின்றன. பழைய வீடுகளிலும் எளிதாகச் செய்யக்கூடியவை உண்டு: வடிகாலைத் துப்புரவாக்குதல், விறகையும் எரிவாயு உருளையையும் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தல், சன்னலுக்குக் கீழே புதர் வளர்க்காதிருத்தல்.

மக்களின் ஆயத்தம்

2009க்கு முன், ஆயத்தம் செய்து வீட்டில் நின்று காத்துக்கொள்ளுங்கள் அல்லது முன்னதாகவே வெளியேறுங்கள் என்பதே அரசின் அறிவுரையாக இருந்தது. கடைசி நேரத்தில் ஓடியவர்கள் சாலையில் இறந்த பட்டறிவால் இது உருவானது. ஆனால் கருப்புச் சனிக்கிழமையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வீடுகளுக்குள்ளேயே இறந்தனர். நிற்பதா போவதா என்று முடிவெடுக்காமல், தீயைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவுசெய்யலாம் என்று காத்திருந்தவர்களும் பலர். முன்னதாக வெளியேறுவதே பாதுகாப்பானது என்று அதன்பின் அறிவுரை தெளிவாக்கப்பட்டது.

2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதும் தீ அபாயம் மிதம், உயர்வு, மிகக் கடுமை, பேரழிவு என நான்கு நிலைகளில் அறிவிக்கப்படுகிறது. பேரழிவு நிலை அறிவிக்கப்பட்டால் புகை தெரியும்வரை காத்திராமல், காட்டோரப் பகுதியைவிட்டு முன்கூட்டியே நீங்க வேண்டும். குடும்பத்தின் தீத்திட்டத்தில் எந்த அறிவிப்பு வந்ததும் கிளம்புவது, எங்கே செல்வது, மாற்றுவழி எது, முதியவரையும் கால்நடையையும் யார் அழைத்துச்செல்வது என்பவை முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தீயில் தன் பள்ளியையும் ஊர்மக்கள் பலரையும் இழந்த ஸ்ட்ராத்யூவனில் தொடக்கப்பள்ளி மீண்டும் கட்டப்பட்டது. பின்னர் அங்கே மேல்வகுப்பு மாணவர்கள், ஊரின் தன்னார்வத் தீயணைப்போருடன் சேர்ந்து, தீ எப்படிப் பரவுகிறது, சரிவும் காற்றும் என்ன செய்யும், அபாய அறிவிப்பை எப்படிப் படிப்பது என்று கற்கும் பாடத்திட்டம் தொடங்கியது. கற்றதை அவர்கள் தங்கள் வீட்டாருக்கும் எடுத்துச்சொல்கின்றனர். காட்டில் எரிபொருளைக் குறைப்பது அரசுத் துறைகளின் வேலை. வீட்டு வடிகாலில் கிடக்கும் சருகை அள்ளுவதும், கிளம்பும் நேரத்தை முன்பே முடிவுசெய்வதும் அவ்வீட்டார் செய்யவேண்டியவை.