மஞ்சள் அட்டையும் வெள்ளித்திரையும்

மஞ்சட் பத்திரிகை என்றவுடன் முகஞ் சுளிப்பது நம்மவர் வழக்கம். இத்தாலியருக்கோ அந்நிறம் வேறொன்றை நினைவூட்டுகின்றது. மஞ்சளைக் குறிக்கும் 'ஜல்லோ' என்ற சொல்லே அவர்கள் மொழியில் துப்பறியும் கதைக்கும் பெயர். 1929ஆம் ஆண்டில் மொண்டடோரி பதிப்பகத்தார் பிறநாட்டுக் குற்றக் கதைகளை மொழிபெயர்த்து, மஞ்சள் அட்டையிட்டு வெளியிடத் தொடங்கினர். நாளடைவில் அட்டையின் நிறமே கதையின் பெயராயிற்று. 1941இல் முசோலினியின் ஆட்சி இந்நூல் வரிசையை நிறுத்தியது. போர் முடிந்தபின் அது மீண்டும் வெளிவந்தது.

இக்கதைகளின் திகிலைத் திரைக்குக் கொணர்ந்தவர் மாரியோ பாவா. ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான இவர், 1964இல் 'கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்' என்ற படத்தை ஆக்கினார். நாகரிக ஆடையகமொன்றின் அழகியர், முகம் மறைத்த உருவமொன்றினால் ஒருவர்பின் ஒருவராக மாய்வதே கதை. 1970இல் டாரியோ ஆர்ஜெந்தோ 'பளிங்குச் சிறகுப் பறவை' என்ற தமது முதற் படத்தினால் இவ்வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தார். அமெரிக்காவில் 1978இல் ஜோன் கார்ப்பென்டர் எடுத்த 'ஹலோவீன்', 1980இல் வந்த '13ஆந் திகதி வெள்ளிக்கிழமை' முதலிய 'ஸ்லாஷர்' படங்கள் இவற்றுக்கு நெருங்கிய உறவினர் எனலாம்.

கண்டனமும் ஆராய்ச்சியும்

பெண்கள் படும் துன்பத்தைக் காட்டிக் காசு சேர்க்கும் படங்கள் இவை என்று பலர் கண்டித்தனர். ஜீன் சிஸ்கல், றொஜர் ஈபேட் என்னும் அமெரிக்க விமர்சகர் இருவர் 1980இல் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை இக்கண்டனத்துக்கே ஒதுக்கினர். அதில் நியாயம் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

ஆயினும், கண்டித்து ஒதுக்குவதோடு ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியை கரோல் குளோவர் 1987இல் எழுதிய கட்டுரையொன்றில், எல்லோரும் மடிந்தபின் எஞ்சி நின்று கொலைகாரனை எதிர்க்கும் நங்கையைச் சுட்டிக்காட்டி, அவளுக்கு 'இறுதிப் பெண்' எனப் பெயரிட்டார். கொலைகாரனின் கண்வழியே பார்க்கத் தொடங்கும் இளைஞன், படம் முடியுமுன் அப்பெண்ணின் அச்சத்தையும் துணிவையும் தன்னுடையனவாகவே உணர்கிறான் என்பது அவர் வாதம். எல்லோரும் இதனை ஏற்கவில்லை. எனினும், அதன்பின் இப்படங்களைப் பற்றி எழுதியோர் எவரும் அவ்வாதத்தைப் புறக்கணிக்க முடியவில்லை.

டிம் லூக்கஸ் என்ற விமர்சகரோ ஏறத்தாழ முப்பதாண்டு உழைத்து, பாவாவின் வாழ்வையும் தொழிலையும் பற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கொண்ட நூலொன்றை 2007இல் வெளியிட்டார். 1980இல் காலமான பாவா அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

விவரணப் படங்களும் இப்பணியிற் பங்கு கொண்டன. ஆர்ஜெந்தோவிடம் உதவியாளராயிருந்த மிக்கேலே சோவாவி 1985இலேயே தம் ஆசானின் தொழில் முறையைப் படமாக்கினார். அமெரிக்க 'ஸ்லாஷர்' படங்களின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் கூறும் விவரணப் படமொன்று 2006இல் வந்தது. 2019இல் பெடெரிக்கோ கட்டெயோ 'ஜல்லோ'வின் வரலாற்றைத் தொகுத்தளித்தார். அச்சுறுத்தும் காட்சிக்குப் பின்னால் விளக்கும் வர்ணக் கண்ணாடியும் ஒப்பனைக்காரரின் கைத்திறனும் இருப்பதை இத்தகைய படங்களில் அறிகின்றோம். சூத்திரம் தெரிந்தபின் அச்சம் குறைகின்றது; தொழிலின்மேல் மதிப்பு வளர்கின்றது.

தீர விசாரித்தல்

ஆர்ஜெந்தோவின் முதற் படத்தில் ஒரு காட்சி. உரோமாபுரியில் தங்கியுள்ள அமெரிக்க எழுத்தாளன் ஒருவன், இரவில் ஒளி நிறைந்த கலைக்கூடமொன்றினுள் ஒரு பெண்ணும் கறுப்பாடை அணிந்த உருவமொன்றும் போராடுவதைக் காண்கிறான். உதவ ஓடியவன் இரு கண்ணாடிக் கதவுகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்கிறான். தான் கண்டதில் ஏதோ பொருந்தவில்லை என்ற எண்ணம் படம் முழுவதும் அவனை வருத்துகின்றது. விடை அவன் கண்ட காட்சியிலேயே இருக்கின்றது. அவனே அதைப் பிழையாக விளங்கிக்கொண்டான். 'கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற நம் முதுமொழிக்கு இதனினும் தக்க உதாரணம் வேண்டுமோ?

நல்ல விமர்சகன் செய்வதும் அவ்வெழுத்தாளன் செய்ததே. வெறுப்போ வியப்போ கொண்டு ஒருமுறை பார்த்ததோடு அமையாமல், மீண்டும் பார்த்து விசாரிக்கின்றான். அவ்விசாரணையினால் இப்படங்களின் கொடுமை மறைந்துவிடாது. அது எங்கே கலையாகின்றது, எங்கே வெறும் வியாபாரமாகின்றது என்பது தெளிவாகும்.

இப்படங்கள் சிறுவர்க்கு உரியன அல்ல. பெற்றோர் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். சினிமாவைக் கருத்தோடு பயில விரும்பும் மூத்த மாணவரோ, படங்களைத் தேடுமுன் அவை பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படிப்பாராக. எதையும் கண்டவுடன் நம்பாமல் ஆராயும் பழக்கம், திரையரங்குக்கு வெளியேயும் அவர்களுக்குத் துணை நிற்கும்.