மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உடற்பயிற்சி

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி அளித்தால் தசையிறுக்கம் கூடிவிடும் எனப் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். முன்பு மருத்துவத் துறையினரிடையேயும் இவ்வெண்ணம் இருந்தது. முறையான வலுவூட்டும் பயிற்சி இறுக்கத்தை மிகுவிப்பதில்லை எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 5 முதல் 17 வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இயன்ற அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

இதற்குத் தனிக்கூடம் தேவையில்லை. ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கமும் வீடு தேடிச் சென்றே பல குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கிறது. முக்காலியிலிருந்து எழுந்து அமர்தல் நல்ல தொடக்கம். நிற்க இயலாதோர் உட்கார்ந்தபடியே பந்து எறியலாம்.

பொம்மையார்பாளையத்தில் கடலரிப்பு விட்டுவைத்த கரையில், அலை எட்டாத ஈரமணலில் கைபிடித்து நடத்தலாம். உலர்மணலில் கால் புதைந்து குழந்தை விரைவில் சோர்ந்துவிடும். கால்தாங்கிக்குள் மணல் புகுந்தால் தோல் புண்படும். தண்டுவடப் பிளவால் பாத உணர்ச்சி குன்றிய குழந்தை அவ்வலியை அறியவே அறியாது. ஆகவே வீடு திரும்பியதும் தாங்கியைக் கழற்றி, விரலிடுக்கு வரை பாருங்கள். அரைமணி நேரத்திற்குப் பின்னும் சிவப்பு மறையாவிடில், தாங்கியை மீண்டும் அணிவிக்காமல் குழந்தையோடு அதனையும் எங்கள் இயன்முறை மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.