தொட்டிச் செடியில் பாசியா? மருந்தைத் தேடாதீங்க, வெளிச்சத்தைக் குறைங்க!



வண்ண மீன் வளர்க்கிற நம் குழுக்களில் சிலர், மீன் தொட்டியில் வைக்கிற தண்ணீர்ச் செடிகளையும் வளர்த்து விற்கிறாங்க. நல்ல தொழில்தான். ஆனால் சென்னை கொளத்தூர் மாதிரி வண்ண மீன் சந்தையில் இலை பளிச்சென்று இருக்கிற கட்டுக்குத்தான் மதிப்பு. இலைமேல் பாசி படிந்திருந்தால் வியாபாரி ஒதுக்கி வைத்துவிடுவார். கடன் வாங்கித் தொட்டி கட்டிய நமக்கு அது தவணைப் பணம் ஆச்சே! அதனால் பாசியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

எது பாசி?

குளத்துத் தண்ணிக்குள்ளே பச்சையாக இருக்கிற எல்லாத்தையும் நாம பாசி என்றுதான் சொல்றோம். வேலம்பாசி என்கிறோமே, அது உண்மையில் தண்டும் இலையும் உள்ள செடி. இங்கே நாம் சொல்வது, இலைமேல் வழவழப்பாகவோ நூல் நூலாகவோ படர்கிற பாசியை.

இது ஏன் வருகிறது?

செடிக்கும் பாசிக்கும் வேண்டியது ஒண்ணுதான்: வெளிச்சமும் சத்தும். மீன் கழிவு, மிச்சத் தீனி, அழுகின இலை எல்லாம் தண்ணீரில் கரைந்து உரமாகிறது. செடி எடுத்தது போக மிஞ்சுவதைப் பாசி எடுத்துக்கொள்ளும். அப்புறம் இலையை மூடிவிடும். இலைக்கு வெளிச்சம் கிடைக்காமல் செடி நலிந்துபோகும். வயலில் பயிர் அடர்ந்து நின்றால் களை அடங்கிப்போகும், பயிர் நோஞ்சானாக இருந்தால் களை ஏறிவிடும். அதே கதைதான் இங்கேயும்.

மயில்துத்தம் கரைத்து ஊற்றினால் பாசி சாகும் என்று சிலர் சொல்வாங்க. சாகும், உண்மைதான். ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் செடி கருகும், நத்தையும் மீனும் சாகும். செத்த பாசி அழுகி மறுபடியும் உரமாகும். காரணம் அப்படியே இருக்கிறதால் பாசி திரும்பவும் வந்துவிடும்.

என்ன செய்யலாம்?

1. வெளிச்சம்: விளக்கு போடுகிற தொட்டிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் போதும். பாசி வந்துவிட்டால் 6 மணி நேரமாகக் குறைங்க. வெளியே இருக்கிற சிமெண்ட் தொட்டிமேல் கீற்றோ நிழல்வலையோ போடுங்க. உச்சி வெயில் நேராக விழக்கூடாது.

2. தீனி: 2, 3 நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கிற அளவே போடுங்க. அடியில் தங்குகிற தீனி பாசிக்குத்தான் போகும்.

3. தண்ணீர்: வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுங்க. 100 லிட்டர் தொட்டி என்றால் 25 லிட்டர். குழாய் வைத்து அடியில் இருக்கிற கசடோடு எடுங்க. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருந்தால், ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்க.

4. கைவேலை: நூல் பாசியை ஒரு குச்சியில் சுற்றி இழுத்தால் வந்துவிடும். கெட்டியாகப் பாசி பிடித்த பழைய இலையை நறுக்கி வெளியே போடுங்க.

5. கூட்டுச் செடி: வேலம்பாசி வேகமாக வளரும், மிச்சச் சத்தை இழுத்துக்கொள்ளும். அலசிவிட்டுப் போடுங்க. அடர்ந்தால் பாதியை எடுத்துவிடுங்க.

6. மீன்: மோலி மீன் பாசியைக் கொறிக்கும். சக்கர் மீன் வேண்டாம். அது ஒரு அடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கிப்போடும். பெரிசாச்சே என்று ஏரி குளத்தில் விட்டால் அங்கே பெருகி நாட்டு மீன்களுக்குப் போட்டியாகிவிடும்.

தண்ணீரே பச்சையாகிவிட்டால்?

தொட்டியைச் சாக்கால் மூடி 3 நாள் இருட்டில் வைங்க. அப்போது தீனி வேண்டாம். காற்று மோட்டார் மட்டும் ஓடட்டும். பிறகு தண்ணீரை மாற்றுங்க. ஆனால் குஞ்சு வளர்க்கிற தொட்டியில் பச்சைத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படாதீங்க. குஞ்சு தின்கிற நுண்ணுயிர்கள் அதில்தான் பெருகும். புதுத் தொட்டியில் மாவு மாதிரி படிகிற பழுப்புப் பாசியும் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே போய்விடும்.

இதெல்லாம் ஒரே நாளில் பலன் தராது. 3, 4 வாரம் பொறுமை வேணும். பழைய இலை மறுபடி பளிச்சென்று ஆகுமா என்று பார்த்துக்கொண்டிருக்காதீங்க. புதுசாக வருகிற இலையைப் பாருங்க. அது சுத்தமாக வந்தால் நாம போகிற வழி சரி. அந்த இலைகளோடுதான் அடுத்த கட்டு சந்தைக்குப் போகணும்.